அப்டேட் வந்தாலும் உடையக்கூடாது: கிரேஸ் ஹாப்பரின் கதை

நாளைக்குக் காலையில ப்ராஜெக்ட் ரிவ்யூ. இப்போ ராத்திரி பதினொன்றரை மணி. நேத்து வரைக்கும் அழகா ஓடிக்கிட்டிருந்த உங்க ப்ரோக்ராம் இன்னிக்கு ஓட மாட்டேங்குது. நீங்க ஒரு வரியைக்கூடத் தொடலை. செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான்: சாயங்காலம் ஒரு அப்டேட் வந்துச்சு, சரின்னு அமுக்கிட்டீங்க. இப்போ திரை முழுக்கச் சிவப்பு வரிகள். டீம்ல இருக்கிற நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. பழைய வெர்ஷன் எதுன்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.

இந்த ராத்திரியைப் பார்க்காம டிகிரி வாங்கினவங்க ரொம்பக் குறைவு. தப்பு நம்மளோடது இல்லை. ஆனா மார்க் குறையப்போறது நமக்குத்தான்.

இது நம்ம தலைமுறைக்குன்னே வந்த தலைவலின்னு நினைச்சீங்கன்னா, இல்லை. கம்பைலர் என்ற ஒன்று பிறந்தபோதே இதுவும் கூடப் பிறந்துவிட்டது. கம்பைலரைப் பிறக்க வைத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் ஒரு பெண். பின்னாளில் இந்தத் தலைவலிக்கு மருந்து தேடிப் பல வருடம் உழைத்தவரும் அவரேதான். பெயர் கிரேஸ் ஹாப்பர். கேள்விப்பட்டிருப்பீங்க, பெரும்பாலும் ஒரு பூச்சியோட சேர்த்து. அந்தப் பூச்சிக்கு அப்புறம் வருவோம். முதல்ல கடிகாரத்தில் இருந்து ஆரம்பிக்கலாம்.

ஏழு கடிகாரம்

1906 டிசம்பர் 9 அன்று நியூயார்க்கில் பிறந்தார் கிரேஸ். ஏழு வயதிருக்கும்போது அலாரம் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஒன்றைக் கழற்றினார். பற்சக்கரங்கள் எல்லாம் தெறித்து விழுந்தன. திரும்பப் பூட்டத் தெரியவில்லை. எப்படிப் பூட்டியிருக்கிறது என்று பார்க்க இன்னொன்றைக் கழற்றினார். அதுவும் போச்சு. இப்படியே வீட்டில் இருந்த ஏழு கடிகாரங்களும் காலி. அம்மா கண்டுபிடித்தபோது பெண்ணை அடக்கிவைக்கவில்லை. இனிமேல் ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று விட்டுவிட்டார்.

ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கழற்றுவது சுலபம், ஓடும்படி திரும்பப் பூட்டுவதுதான் கஷ்டம் என்று அந்தக் குழந்தைக்கு ஏழு வயதிலேயே தெரிந்துவிட்டது. இதை மனசுல வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் வரும்.

வாஸர் கல்லூரிக்கு முதல் முறை விண்ணப்பித்தபோது லத்தீன் பாடத்தில் மார்க் போதாமல் இடம் கிடைக்கவில்லை. அரியர் வச்சவங்க கொஞ்சம் ஆறுதல் பட்டுக்கலாம். அடுத்த வருடம் சேர்ந்து, 1928ல் கணிதமும் இயற்பியலும் படித்து முடித்தார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930ல் முதுகலை, 1934ல் கணிதத்தில் முனைவர் பட்டம். படித்த வாஸர் கல்லூரியிலேயே கணித ஆசிரியராகவும் ஆனார். வின்சென்ட் ஹாப்பரைத் திருமணம் செய்து கிரேஸ் ஹாப்பர் ஆனதும் 1930ல்தான். பின்னால் மணவாழ்க்கை முறிந்தது, பெயர் மட்டும் நிலைத்தது.

உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் இந்தக் கணித ஆசிரியைக்குக் கடற்படையில் சேர ஆசை வந்தது. வயது முப்பதைத் தாண்டிவிட்டது, ஒல்லியான உடம்பு. இருக்க வேண்டிய எடையைவிட 15 பவுண்டு குறைவு. ஆனாலும் விடவில்லை. எடைக்கு விதிவிலக்கு வாங்கி, கல்லூரியில் விடுப்பும் வாங்கி, 1943 டிசம்பரில் கடற்படை ரிசர்வில் சேர்ந்தார். பயிற்சியில் தன்னைவிடப் பல வருடம் சின்னவர்களோடு சேர்ந்து ஓடி, முதல் மாணவியாக வெளியே வந்தார்.

51 அடி நீள இயந்திரம்

கடற்படை அவரைக் கப்பலுக்கு அனுப்பவில்லை. 1944 ஜூலையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. அங்கே ஹோவர்ட் எய்க்கன் தலைமையில் மார்க் 1 என்ற கணக்கிடும் இயந்திரம் இருந்தது. 51 அடி நீளம், 8 அடி உயரம். ரிலேக்களும் சுழலும் தண்டுகளும் கொண்ட மின்எந்திரம். நொடிக்கு மூன்று கூட்டல் போடும். கட்டளைகளைக் காகித நாடாவில் துளை போட்டுக் கொடுக்க வேண்டும். அதன் முதல் ப்ரோக்ராமர்களில் ஒருவர் ஆனார் ஹாப்பர். அதற்கான கையேட்டை எழுதும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. 500 பக்கத்துக்கு மேல் போன அந்தக் கையேடு 1946ல் வெளியானது.

அந்தக் குழுவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சைன் கணக்கிடும் துண்டு, மடக்கை கணக்கிடும் துண்டு என்று நன்றாக ஓடிய ப்ரோக்ராம் துண்டுகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்வார்கள். வேறொருவருக்குத் தேவைப்பட்டால் அந்த நோட்டை வாங்கிக் கையால் பார்த்து எழுதிக்கொள்வார். நம்ம லேப் ரெக்கார்டு எழுதற மாதிரியேதான். ரெக்கார்டுல என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியும். அங்கேயும் அதுதான் நடந்தது: பார்த்து எழுதும்போது பிழை.

இப்போ பூச்சிக்கு வருவோம். 1947 செப்டம்பர் 9. மார்க் 2 இயந்திரம் தகராறு செய்தது. திறந்து பார்த்தால் ஒரு ரிலேக்குள் ஒரு விட்டில் பூச்சி செத்துக் கிடந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் நாடா போட்டு ஒட்டிவைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் நம்ம குவிஸ்களில் சொல்ற மாதிரி, பிழைக்கு பக் என்று பெயர் வைத்தவர் ஹாப்பர் இல்லை. எடிசன் காலத்திலேயே எஞ்சினியர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். ஹாப்பர் செய்தது, அந்தக் கதையை ஊர் ஊராகப் போய்ச் சுவையாகச் சொன்னது. அவருடைய உண்மையான சாதனை பூச்சிக்கு அப்புறம் வருது.

நூலகம் என்ற வரமும் சாபமும்

போர் முடிந்ததும் நிரந்தரக் கடற்படையில் சேர விண்ணப்பித்தார். வயது அதிகம் என்று மறுத்துவிட்டார்கள். ரிசர்வில் தொடர்ந்தபடி, 1949ல் ஃபிலடெல்ஃபியாவில் எக்கர்ட், மாக்லி இருவரும் நடத்திய கம்ப்யூட்டர் நிறுவனத்தில் கணித வல்லுநராகச் சேர்ந்தார். அது அவருக்கு நல்ல காலமாக இருக்கவில்லை. குடிப்பழக்கம் அவரைப் பிடித்திருந்தது, நண்பர்கள் தலையிட்டு எச்சரிக்கும் அளவுக்குப் போனது. மேதைகள் எல்லாரும் நேர்கோட்டில் நடந்தவர்கள் இல்லை என்பதற்காகத்தான் இதையும் சொல்கிறேன். அதிலிருந்து மீண்டு எழுந்தபோது அவர் கையில் இருந்த வேலை, யூனிவாக்.

யூனிவாக்கிலும் அதே நோட்டுப் புத்தகப் பிரச்சினைதான். ஆங்கில எழுத்து பி, பார்த்து எழுதும்போது 13 ஆகிவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு. ஒவ்வொரு துண்டும் பூஜ்ஜியமாம் முகவரியில் தொடங்குவதாக எழுதப்பட்டிருக்கும். உங்க ப்ரோக்ராமில் அதை 300ஆம் இடத்தில் செருகினால், அதற்குள் வரும் ஒவ்வொரு முகவரியோடும் 300ஐக் கூட்டி எழுதணும். கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்களும் கூட்டலில் தப்பு விட்டார்கள்.

ஹாப்பருக்குத் தோன்றியது எளிமையான விஷயம். பார்த்து எழுதுவதையும் கூட்டுவதையும் கம்ப்யூட்டர் மனிதனைவிட நன்றாகச் செய்யுமே, அந்த வேலையை அதனிடமே கொடுத்தால் என்ன? துண்டுகளை எல்லாம் ஒரு காந்த நாடாவில் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு அழைப்பு எண் கொடுத்தார். ப்ரோக்ராமர் எந்த எண், எந்த வரிசை என்று மட்டும் எழுதினால் போதும். இயந்திரம் நாடாவில் தேடி எடுத்து, முகவரிகளைச் சரிசெய்து, ஒட்டி, முழு ப்ரோக்ராமாகக் கொடுத்துவிடும். 1952 வாக்கில் ஓடிய இதன் பெயர் ஏ-0. கம்பைலர் என்ற பெயரை அவர் இதற்குத்தான் வைத்தார். இன்றைய கணக்கில் இதை லிங்கர் என்றும் சொல்லலாம். ஓடிக் காட்டிய பிறகும் நிறையப் பேர் நம்பவில்லை. கம்ப்யூட்டர் கணக்குதான் போடும், ப்ரோக்ராம் எழுதாது என்பது அன்றைய எண்ணம்.

இங்க கொஞ்சம் நின்னு யோசிங்க. நோட்டில் பார்த்து எழுதிய காலத்தில், எழுதி முடித்த கணமே அந்தத் துண்டு உங்களுடையது. மூல நோட்டில் யார் என்ன திருத்தினாலும் உங்களை அது தொடாது. ஏ-0 வந்த பிறகு உங்க ப்ரோக்ராமில் இருப்பது வெறும் அழைப்பு எண். உண்மையான துண்டு வேறொருவர் நாடாவில் இருக்கு. அவர் அதை மாற்றிவிட்டால், அடுத்த முறை கம்பைல் பண்ணும்போது உங்க ப்ரோக்ராமும் சேர்ந்து மாறும். நாம இன்னிக்கு லைப்ரரியைக் கூப்பிடும்போது நடப்பதும் இதுவேதான். வசதியும் ஆபத்தும் ஒரே நாடாவில் சுற்றிக்கொண்டு வந்தன.

அடுத்து வந்த ஏ-2ஐ 1953ல் வாடிக்கையாளர்களுக்கு மூலநிரலோடேயே கொடுத்து, மேம்படுத்தினால் திருப்பி அனுப்புங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்கள். இன்று திறந்த மூல மென்பொருள் என்று நாம் சொல்வதன் பழைய வேர்களில் ஒன்று அது. பலர் கை வைத்த கருவி வேகமாக வளரும். பலர் கை வைப்பதால்தான் வேகமாக உடையவும் செய்யும்.

ஒரே மொழி, பல இயந்திரம்

அதற்கப்புறம் ஹாப்பர் இன்னும் ஒரு படி மேலே போனார். வியாபாரக் கணக்கு எழுதுகிறவர்களுக்குக் குறியீடுகள் பிடிக்காது, அவர்கள் சாதாரண ஆங்கிலச் சொற்களால் ப்ரோக்ராம் எழுதட்டும் என்றார். அப்படிப் பிறந்தது ஃப்ளோ-மேட்டிக். கம்பைலருக்கு எந்த மொழிச் சொல்லும் ஒன்றுதான் என்று காட்ட, அதே ப்ரோக்ராமை ஃப்ரெஞ்சு, ஜெர்மன் சொற்களிலும் எழுதிக் காட்டினார். நிர்வாகம் பயந்துவிட்டது. அமெரிக்கக் கம்ப்யூட்டர் எப்படி ஃப்ரெஞ்சு புரிந்துகொள்ளும் என்று அவர்களுக்குக் குழப்பம். ஆங்கிலம் மட்டும் போதும் என்று உறுதி கொடுத்த பிறகுதான் வேலை நகர்ந்தது.

இதற்குள் வேறொரு சிக்கல் பெரிதாகிவிட்டது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இயந்திரத்துக்குத் தனி மொழி வைத்திருந்தது. புது இயந்திரம் வாங்கினால் பழைய ப்ரோக்ராம் எல்லாம் குப்பை. 1959ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையிடம் 225 கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. இன்னும் 175 வாங்க ஆர்டர் போட்டிருந்தார்கள். ப்ரோக்ராம் எழுத மட்டும் 20 கோடி டாலருக்கு மேல் செலவாகியிருந்தது. அந்தச் சமயத்தில் எடுத்த ஒரு கணக்கெடுப்பு இன்னும் தெளிவாகச் சொன்னது: ஒரு நிறுவனம் ப்ரோக்ராம் எழுத சராசரியாக 8 லட்சம் டாலர் செலவழித்தால், அவற்றைப் புது இயந்திரத்துக்கு மாற்ற இன்னொரு 6 லட்சம் டாலர் ஆகும். புதுசா எதுவும் செய்யாம, நேத்து ஓடினதை இன்னிக்கும் ஓட வைக்கிறதுக்கு மட்டும் அவ்வளவு!

1959 மே மாதம் பென்டகனில் ஒரு கூட்டம் நடந்தது. அரசாங்கம், கம்பெனிகள், பயன்படுத்துபவர்கள் எல்லாரும் சேர்ந்து, எந்த இயந்திரத்திலும் ஓடக்கூடிய ஒரு வணிக மொழி வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதன் விளைவுதான் கோபால். பேரைக் கேட்டதும் தெருமுனை டீக்கடை அண்ணன் ஞாபகத்துக்கு வந்தா நான் பொறுப்பில்லை. கோபாலை ஹாப்பர் தனியாளாக எழுதினார் என்று பல இடங்களில் போட்டிருப்பார்கள். அது சரியில்லை. ஜீன் சாமெட் போன்றவர்கள் இருந்த ஒரு குழு அதை வடிவமைத்தது. ஹாப்பர் ஆலோசகராக இருந்தார். ஆனால் அந்த மொழியின் அடித்தளம் பெருமளவு அவருடைய ஃப்ளோ-மேட்டிக்தான்.

1960 டிசம்பரில் ஒரு சோதனை நடந்தது. கிட்டத்தட்ட அதே கோபால் ப்ரோக்ராம் ஒரு நாள் ஆர்சிஏ இயந்திரத்திலும், மறுநாள் யூனிவாக்கிலும் ஓடியது. வேறு வேறு கம்பெனி, வேறு வேறு உள்ளமைப்பு, ஒரே ப்ரோக்ராம். பிரச்சினை தீர்ந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

தீரவில்லை.

பேர் ஒண்ணு, நடத்தை வேற

கம்பெனிகள் எல்லாம் கோபால் கம்பைலர் கொடுத்தன. ஆனால் ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த கூடுதல் வசதிகளைச் சேர்த்துக்கொண்டது. கஷ்டமான பகுதிகளை விட்டுவிட்டது. விதிகளில் தெளிவில்லாத இடங்களைத் தன் இஷ்டத்துக்குப் புரிந்துகொண்டது. பெட்டியின் மேலே கோபால் என்று எழுதியிருக்கும், உள்ளே ஆளுக்கொரு கோபால். ஒரு கம்பைலரில் சரியாக ஓடியது இன்னொன்றில் ஓடவே ஓடாது. அதைவிட மோசம், பிழையே காட்டாமல் ஓடி, தப்பான விடை தரும். சம்பளப் பட்டியலும் சரக்கு இருப்புக் கணக்கும் ஓடுகிற இடத்தில் தப்பான விடை என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

1966 கடைசியில் ஹாப்பருக்குக் கடற்படை ரிசர்விலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். அறுபது வயது. அவருக்கு மனசே இல்லை. ஆனால் ஒரு வருடம்கூட முழுசாகப் போகவில்லை. கடற்படையின் கம்ப்யூட்டர்களில் ஆளுக்கொரு கோபால் ஓடுகிறது, வந்து சீர்ப்படுத்துங்கள் என்று 1967 ஆகஸ்டில் திரும்பக் கூப்பிட்டார்கள். ஆறு மாதத்துக்குத்தான் அழைப்பு. பத்தொன்பது வருடம் பணியில் நீடித்தார்.

அடுத்த பத்து வருடம் பென்டகனில் கடற்படையின் ப்ரோக்ராமிங் மொழிகள் பிரிவை நடத்தினார். கம்பெனிகளிடம் சண்டை போடுவதோ கெஞ்சுவதோ பலிக்காது என்று அவருக்குத் தெரியும். அவர் குழு கையில் எடுத்தது, சோதனை ப்ரோக்ராம்கள். சின்னச் சின்னக் கோபால் ப்ரோக்ராம்கள், ஒவ்வொன்றுக்கும் விடை முன்கூட்டியே தெரியும். உதாரணத்துக்கு 12345 என்ற எண்ணை மூன்று இலக்க இடத்துக்குள் நகர்த்தினால் 345 வரணும் என்பது கோபால் விதி. கம்பைலர் 345 கொடுத்தால் தேர்ச்சி, 123 கொடுத்தால் தோல்வி. வாதம் கிடையாது. இந்த மாதிரி சோதனைகளை வரிசையாக ஓட்டினால், இந்தக் கம்பைலர் உண்மையிலேயே கோபால்தானா என்று தெரிந்துவிடும்.

1968ல் கோபாலுக்கு அமெரிக்கத் தேசியத் தரம் வந்தது. 1970களில் அரசாங்கத்துக்கு விற்கப்படும் கோபால் கம்பைலர்கள் சோதனைக்கு உட்பட்டே ஆக வேண்டும் என்ற நிலையும் வந்தது. அரசாங்கம் பெரிய வாடிக்கையாளர் என்பதால் கம்பெனிகள் வழிக்கு வந்தன. கடற்படையில் வளர்ந்த அந்தச் சோதனைகளின் வழிவந்த தொகுப்பை வைத்துத்தான் இன்றைக்கும் குனுகோபால் என்ற திறந்த மூலக் கம்பைலரைச் சோதிக்கிறார்கள். நாம ப்ராஜெக்ட்ல டெஸ்ட் எழுதச் சொன்னா அலுத்துக்கிறோமே, அந்த டெஸ்ட்டுக்கு இவ்வளவு பலம் உண்டு. வாக்குறுதியைச் சரிபார்க்க முடிந்தால்தான் அது வாக்குறுதி, இல்லைன்னா அது வெறும் விளம்பரம்.

ஒரு சொல் சேர்த்தால்கூட உடையும்

தரம் வந்துவிட்டால் போதுமா? தரமும் அப்டேட் ஆகுமே! 1974ல் கோபாலின் அடுத்த தரம் வந்தது. அதற்கடுத்த வரைவு 1980களின் தொடக்கத்தில் வெளியானபோது பெரிய ரகளை. பழைய ப்ரோக்ராம்கள் பல அப்படியே ஓடாது என்று தெரிந்ததும் பயன்படுத்துபவர்களிடமிருந்து நூற்றுக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன, பெரும்பாலும் எதிர்ப்பு. காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கம்ப்யூட்டர் துறைத் தலைவர், திருத்தி எழுதும் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டிப் போராட்டத்தை முன்னின்று நடத்தினார். வழக்குப் போடுவோம் என்ற மிரட்டல்கூட வந்தது. வரைவைப் பழையவற்றோடு ஒத்துப்போகும்படி திருத்திய பிறகுதான் 1985ல் அது தரமாக வெளிவந்தது.

இவ்வளவு கோபம் எதுக்குன்னு கேட்டா, ஒரு சின்ன உதாரணம் பாருங்க. 1985 தரத்தில் எவாலுவேட் என்ற புதுச் சொல் மொழியில் சேர்ந்தது. நல்ல வசதிதான், நம்ம ஸ்விட்ச் மாதிரி. ஆனால் 1975ல் யாரோ ஒருவர் தன் ப்ரோக்ராமில் ஒரு மாறிக்கு எவாலுவேட் என்று பெயர் வைத்திருந்தால்? பத்து வருடம் ஒழுங்காக ஓடியது, புதுக் கம்பைலரில் நின்றுவிடும். அவர் செய்த தப்பு என்ன? எதிர்காலம் தெரியாமல் பெயர் வைத்தது.

இது பழங்கதைன்னு நினைக்காதீங்க. 2018ல் பைத்தான் 3.7 வந்தபோது ஏசிங்க் என்ற சொல் ஒதுக்கப்பட்ட சொல்லாக மாறியது. அதுவரை அந்தப் பெயரைச் சாதாரணமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்த பல லைப்ரரிகள் ஒரே நாளில் உடைந்தன. அதற்கு முன்னால், 2008ல் பைத்தான் 3 வந்தபோது ப்ரின்ட் எழுதும் விதமே மாறியது. பைத்தான் 2வுக்கு 2020 ஜனவரி 1 வரை, அதாவது பதினொரு வருடத்துக்கு மேல், உயிர் கொடுத்து வைக்க வேண்டியிருந்தது. கருவியும் ஆண்டும்தான் மாறியிருக்கு, வலி அதேதான்.

இடப்பக்கம் சுற்றும் கடிகாரம்

இவ்வளவும் படிச்சிட்டு, ஹாப்பர் மாற்றத்துக்கு எதிரான ஆள், பழசைக் கட்டிக்கிட்டு அழற அதிகாரின்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க. அவர் அறைச் சுவரில் ஒரு கடிகாரம் தொங்கும். அதன் முள் இடப்பக்கமாகச் சுற்றும். நேரம் சரியாகவே காட்டும். முதல் நாள் பார்ப்பவர் குழம்புவார், ஓரிரு நாளில் பழகிவிடுவார். கடிகாரம் வலப்பக்கம்தான் சுற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்று காட்டத்தான் அதை மாட்டிவைத்திருந்தார். எப்பவும் இப்படித்தான் செய்வோம் என்ற பதிலை அவரால் தாங்கவே முடியாது.

போகும் கூட்டங்களில் எல்லாம் சுமார் 30 சென்டிமீட்டர் நீளக் கம்பித் துண்டுகளைக் கொடுப்பார். ஒரு நானோ நொடியில் மின்சாரம் அதிகபட்சம் அவ்வளவு தூரம்தான் போக முடியும். கம்ப்யூட்டர்கள் ஏன் சின்னதாகிக்கொண்டே போக வேண்டும் என்று அந்தக் கம்பி ஒன்றிலேயே படைத் தளபதிகளுக்கும் மாணவர்களுக்கும் புரிய வைத்துவிடுவார். எழுபது வயதைத் தாண்டியும் இளைஞர்களிடம் பேச ஊர் ஊராகப் போனார்.

மாற்றத்தை இவ்வளவு நேசித்தவர் எதற்காக வாழ்க்கையின் பெரும் பகுதியைப் பழைய ப்ரோக்ராம் உடையாமல் பார்த்துக்கொள்வதில் செலவழித்தார்? அந்தக் கடிகாரத்தையே இன்னொரு தடவை பாருங்க. முள் திசை மாறியிருக்கு. ஆனால் நேரம் தப்பவில்லை. உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்று, அதை நம்பியிருக்கிறவனுக்குச் சரியான நேரம் காட்டு. என் வாசிப்பில் அவருடைய வேலை முழுக்க இந்த ஒரு விஷயம்தான். உடைந்துவிடும் என்ற பயம் இருக்கும் இடத்தில் மனிதர்கள் மாற்றத்தையே வெறுத்துவிடுவார்கள். ஒரு தடவை அப்டேட் அமுக்கிச் சூடு பட்டவர் அப்புறம் பாதுகாப்பு அப்டேட்டைக்கூட அமுக்க மாட்டார். பழசை உடைக்காத கருவிதான் புதுசுக்குத் தைரியம் கொடுக்கும்.

பலகை மாறிய கப்பல்

1973ல் கேப்டன், 1983ல் கொமடோர், 1985ல் ரியர் அட்மிரல் என்று பதவி உயர்ந்துகொண்டே போனது. 1986 ஆகஸ்ட் 14 அன்று பணி ஓய்வு பெற்றார். வயது 79. அன்றைக்குப் பணியில் இருந்த அமெரிக்கப் படை அதிகாரிகளிலேயே மூத்தவர் அவர். விழா நடந்த இடம் பாஸ்டன் துறைமுகத்தில் கான்ஸ்டிட்யூஷன் என்ற கப்பல். 1797ல் நீரில் இறங்கிய மரக்கப்பல் அது. பலகைகள் பலமுறை மாற்றப்பட்டிருக்கின்றன. கப்பல் அதே கப்பல், இன்றும் கடற்படைக் கணக்கில் பணியில் இருக்கிறது. ஹாப்பருக்கு விடைகொடுக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது.

ஓய்வு பெற்றும் வீட்டில் உட்காரவில்லை. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்துக்கு ஆலோசகராகப் போனார். 1992 ஜனவரி 1 அன்று, 85 வயதில் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். பின்னர் ஒரு போர்க்கப்பலுக்கு அவர் பெயர் வைத்தார்கள். 2016ல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருது அவர் மறைவுக்குப் பின் அறிவிக்கப்பட்டது. கோபால் இன்னும் சாகவில்லை. 2020ல் பெருந்தொற்றின்போது நியூ ஜெர்சி மாநில ஆளுநர் கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று கேட்கும் அளவுக்கு, அரசுக் கம்ப்யூட்டர்களில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சரி, உங்க பதினொன்றரை மணிக்குத் திரும்பி வருவோம். இப்போதைக்கு உங்களைக் காப்பாற்றப்போவது, கடைசியா ஓடின வெர்ஷன் எண்களை எங்கேயாவது எழுதி வச்சிருந்தீங்களா என்பதுதான். இல்லைன்னா, இன்னிக்கு ராத்திரியோட அந்தப் பழக்கத்தை ஆரம்பிச்சுடுங்க. ஒவ்வொரு லைப்ரரியோட எண்ணையும் ஒரு ஃபைலில் பூட்டி வையுங்க. விடை தெரிந்த நாலு சின்ன டெஸ்ட் எழுதி வையுங்க. அப்டேட்டை முதலில் ஒரு நகலில் ஓட்டிப் பாருங்க, ரிவ்யூவுக்கு முந்தின நாள் அமுக்காதீங்க.

ஆனா அது பாதிதான். மீதிப் பாதி இன்னும் நாலு வருஷத்துல வரும். அன்றைக்கு அப்டேட் அனுப்புகிற இடத்தில் நீங்க உட்கார்ந்திருப்பீங்க. ஒரு ஃபங்ஷனோட பேரை மாற்றினால் அழகா இருக்குமேன்னு கை பரபரக்கும். அப்போ எங்கேயோ ஒரு ஹாஸ்டல் அறையில் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி முழிச்சுக்கிட்டு இருக்கிற நாலு பேரை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. கடிகாரத்தைத் தாராளமா கழற்றுங்க. திரும்பப் பூட்டும்போது நேரம் சரியா காட்டுதான்னு பார்த்துட்டு அனுப்புங்க.